அப்பாவின் புத்தகத்துக்கு எந்த எழுத்து?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய சதாபிஷேகத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக, அவர் நாற்பது ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 300 பிரதிகள் அச்சிடப் போகிறோம். எனக்கு மிகவும் பிடித்த, கையெழுத்துச் சாயலில் உள்ள எழுத்துருவில் நானே பக்கம் அமைத்தேன். மெய்ப்புப் படியைப் பார்த்த அப்பா, “எழுத்து லட்சணமாக இருக்கிறதம்மா. ஆனால் நாலு பக்கம் போனதும் கண் தானாக மூடிக்கொள்கிறது” என்றார். அச்சகத்திலோ எழுத்தை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கினால் செலவு குறையும் என்கிறார்கள். ஓர் எழுத்துரு பிடித்துப்போவது மனத்தைப் பொறுத்ததா, கண்ணைப் பொறுத்ததா? நான் எதை மாற்ற வேண்டும்? உங்களுக்குப் பிடித்த எழுத்துரு எது? கைப்பேசியில் வாசிக்க எந்த எழுத்து நல்லது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய கோப்பிலிருந்து 23ஆம் பக்கத்தை மட்டும் தாளில் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கண்ணகியின் சிலம்பு உடைந்த காட்சியைப் பற்றி அப்பா எழுதியிருக்கும் பக்கம் அது. ஐந்தாவது வரியில் “அரசன் முன் தெறித்த மாணிக்கப் பரல்” என்று இருக்கிறது. நான் அதை “மாணிக்கப் பால்” என்று வாசித்துவிட்டேன். பொருள் ஒட்டவில்லையே என்று திரும்பிப் போய்ப் பார்த்தபோதுதான் பரல் என்று தெரிந்தது.

உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. ‘ர’வையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது, காலடியில் சாய்வாக இறங்கும் ஒரு சிறு கோடு மட்டும்தான். நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் அந்தக் கோடு, பேனாவை இழுத்து விட்டதுபோல நுனியில் கூர்மையாக முடிகிறது. பெரிதாகப் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கும் அழகு அது. ஆனால் 11 பாயிண்டில் அச்சிடும்போது அந்த நுனி மயிரிழையாகிக் காகிதத்துக்குள் காணாமல் போகிறது. பரல் பாலாகிறது. பரட்டை பாட்டையாகிறது.

எழுத்துருவை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கணினியில் பட்டியலைத் திறந்து, ஒரு வரியைத் தட்டச்சு செய்து, பெரிதாக்கிப் பார்க்கிறோம். ‘அ’வின் சுழி அழகாக இருக்கிறதா, ‘ழ’வின் வால் எப்படி வளைகிறது என்று ரசிக்கிறோம். நீங்களும் அநேகமாக அப்பாவின் பெயரைத்தான் தட்டச்சு செய்து பார்த்திருப்பீர்கள். அங்கே பிடித்தது உங்கள் மனத்துக்கு. அதில் தவறே இல்லை. ஆனால் அப்பா வாசிப்பது ஒரு பெயரை அல்ல. ஒரு பக்கத்துக்கு இருநூறு சொற்களுக்கு மேல், அதுவும் இரவு எட்டு மணிக்குக் குழல்விளக்கின் கீழே. பார்ப்பதற்கு உரிய எழுத்து வேறு, படிப்பதற்கு உரிய எழுத்து வேறு. இரண்டும் ஒன்றாக அமைவது அரிது.

வாசிக்கும்போது நம் கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நின்று, அங்கே தெரியும் சில எழுத்துகளைப் பற்றிக்கொண்டு, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. பற்றிய எழுத்தில் ஐயம் வந்தால் பின்னால் தாவிப் போய் மறுபடி பார்க்கிறது. ஒரு பக்கத்தில் இருபது முப்பது முறை இப்படிப் பின்னால் போய்வந்தால், வாசிக்கிறவருக்கு அது தனியாகத் தெரியாது. “ஏனோ களைப்பாக இருக்கிறது” என்று மட்டும்தான் தெரியும். அப்பா சொன்ன ‘கண் தானாக மூடிக்கொள்கிறது’ என்பது அதுதான். அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தமிழில் இப்படித் தடுக்கும் இடங்கள் எவை என்று பக்கம் அமைக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் முதல் இடம். ‘கொடு’ என்பதையும் ‘கோடு’ என்பதையும், ‘பெறு’ என்பதையும் ‘பேறு’ என்பதையும் பிரிப்பது கொம்பின் தலையில் உள்ள ஒரு சுழி மட்டுமே. அந்தச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டுப்போனால் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். இந்த வேறுபாடே வாசகரை நினைத்து வந்த ஒன்று. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளியிட்டுக் குறில் காட்டும் பழைய முறையும் அதனால் ஏட்டில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. குறிலா நெடிலா என்று வாசிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கென்று தனி வடிவம் கொடுத்த பிறகுதான் அந்தத் துன்பம் தீர்ந்தது. அவர் பிரித்து வைத்ததை நாம் எழுத்துருவைத் தவறாகத் தேர்ந்து மறுபடி ஒட்டவைத்துவிடக் கூடாது.

அடுத்தது புள்ளி. உங்கள் பக்கத்தில் மெய்யெழுத்துகளின் புள்ளி ஒரு கசகசா அளவுகூட இல்லை. எழுத்தை விட்டு எட்டி, மேல்வரியின் உகரக் கொக்கிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இந்தப் புள்ளி யாருடையது என்று கண் கேட்கிறது. நல்ல எழுத்துருவில் புள்ளி சற்றுப் பருமனாக, தன் எழுத்தின் தலைமேலேயே அமர்ந்திருக்கும். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளடிக்கிறது, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. முப்பது வயதுக்காரர் கவனிக்காமலே தாண்டிப் போகும் மெல்லிய கோடும் சிறு புள்ளியும் எண்பது வயதுக் கண்ணுக்கு முதலில் தொலைந்துபோகிறவை.

ஈய எழுத்துக் காலத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் 1988இல் மதுரையில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோக்கக் கற்றுக்கொண்டேன். ஒரே எழுத்து வகை எட்டு பாயிண்ட், பத்து பாயிண்ட், பன்னிரண்டு பாயிண்ட், இருபத்து நான்கு பாயிண்ட் என்று வெவ்வேறு பெட்டிகளில் இருக்கும். எட்டு பாயிண்ட் ‘ஞ’வையும் இருபத்து நான்கு பாயிண்ட் ‘ஞ’வையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றை ஒன்று சுருக்கியதுபோல இருக்காது. சிறியதில் மெல்லிய கோடுகள் ஒப்பளவில் தடித்திருக்கும், சுழிகளின் உள்ளிடம் அகன்றிருக்கும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் சற்றுக் கூடுதல் இடைவெளி இருக்கும். அச்சு வெட்டியவர்கள் ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக வெட்டினார்கள். சிறிய எழுத்து சிறியதாகவே இருக்கும்போது எப்படித் தெரியும் என்று யோசித்து வெட்டினார்கள். கணினி எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஓவியம்தான் எல்லா அளவுக்கும் நீண்டு சுருங்குகிறது. தலைப்புக்கென்று வரைந்ததைப் பத்து பாயிண்டுக்குச் சுருக்கினால் அதன் அழகெல்லாம் சேர்ந்தே சுருங்கி நசுங்கும். உங்கள் எழுத்துருவுக்கு நேர்ந்தது இதுதான். அது மோசமான எழுத்துரு இல்லை. அட்டைக்குப் பிறந்ததை உள்பக்கத்தில் வேலை வாங்கியிருக்கிறீர்கள்.

இனி அளவு. எழுத்தின் அளவை நாம் பாயிண்டில் சொல்கிறோம். ஓர் அங்குலத்தில் 72 பாயிண்ட். ஆனால் 11 பாயிண்ட் என்பது எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியின் உயரமே தவிர, எழுத்தின் உயரம் அல்ல. ஒரு வடிவமைப்பாளர் பெட்டி நிறைய எழுத்தை வரைவார், இன்னொருவர் மேலும் கீழும் இடம் விட்டுச் சிறியதாக வரைவார். விண்டோஸில் இருக்கும் லதா, விஜயா என்ற இரண்டு எழுத்துருக்களையும் ஒரே 12 பாயிண்டில் அடுத்தடுத்த வரிகளில் அச்சிட்டுப் பாருங்கள். லதா அகன்று பெரிதாக நிற்கும், விஜயா இரண்டு அளவு குறைத்ததுபோலத் தெரியும். ஆகவே “11 பாயிண்ட் போதுமா?” என்று எண்ணை வைத்துக் கேட்பதில் பொருளில்லை. ஓர் அளவுகோலை எடுத்து, தாளில் விழுந்திருக்கும் ‘ப’வின் உயரத்தை அளக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர். எண்பது வயது வாசகருக்கு நான் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைய விடமாட்டேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் வாசிக்கும் வேகம் கூடிக்கொண்டே போகாது. ஆனால் ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் வேகம் சடாரென்று விழும். அந்த எல்லையில் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதும் களைப்புதான். கொஞ்சம் தாராளமாக மேலே நிற்க வேண்டும்.

அளவைவிட முக்கியமானது வரியிடைவெளி. ஒருவர் எழுத்துரு பிடிக்கவில்லை என்று சொல்லும்போது, பத்தில் ஏழெட்டு முறை நான் கைவைப்பது வரியிடைவெளியில்தான். மென்பொருள் தானாகக் கொடுப்பது எழுத்தளவில் 120 விழுக்காடு. அது ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கு. தமிழ் வரியை உற்றுப் பாருங்கள். மேலே புள்ளியும் ‘ி’யும் ‘ீ’யும் ஏறுகின்றன, கீழே ‘கு’, ‘மூ’, ‘ழு’, ‘ஞ’, ‘ஐ’ எல்லாம் இறங்குகின்றன. மேல்வரியிலிருந்து இறங்குவதும் கீழ்வரியிலிருந்து ஏறுவதும் நடுவழியில் முட்டிக்கொள்கின்றன. உங்கள் 23ஆம் பக்கத்தில் ‘சூழ்ந்து’ என்ற சொல்லின் சகர ஊகாரம், அடுத்த வரி ‘நீதி’யின் மேல்சுழியைத் தொட்டேவிட்டது. வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கண், இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பாதையைத் தேடுகிறது. அது இல்லாவிட்டால் அதே வரியை இரண்டாம் முறை வாசிக்கும், அல்லது ஒரு வரியைத் தாண்டி விழும். அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், விரலை வைத்துக்கொண்டுதான் வாசித்திருப்பார். தமிழுக்கு 140 முதல் 150 விழுக்காடு கொடுங்கள். 11 பாயிண்ட் எழுத்துக்கு 16 பாயிண்ட் வரி.

வரியின் இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். நூலுக்கு அதுவே வழக்கம், செய்யலாம். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘எழுதிக்கொண்டிருந்ததாகவும்’ என்று ஒரு சொல் வரியின் கடைசியில் இடமில்லாமல் அடுத்த வரிக்குப் போனால், மிச்சமிருக்கும் நான்கு சொற்களை இழுத்துப் பிடித்து வரியை நிரப்புகிறது மென்பொருள். சொற்களுக்கு இடையே ஓட்டைகள் விழுகின்றன. அவை வரிக்கு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தால் பத்திக்குள் வெள்ளை வாய்க்கால் ஓடும். கண் வாசிப்பதை விட்டு வாய்க்காலோடு போய்விடும். அச்சுக்கோக்கும் காலத்தில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவோம், இணைப்புக்கோடு போடுவதில்லை. இரண்டே கட்டுப்பாடுகள். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ஒற்றை எழுத்தைத் தனியாக அநாதைபோல விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதை இப்போதும் கையால் செய்யலாம். 200 பக்கப் புத்தகத்துக்கு இரண்டு நாள் வேலை. மெனக்கெட முடியாவிட்டால் வலது ஓரத்தை நேராக்காமல் விட்டுவிடுங்கள். முதல் பக்கத்தில் கொஞ்சம் விநோதமாகத் தெரியும், மூன்றாம் பக்கத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

அச்சகத்தார் எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னதைப் பற்றி. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுடைய கணக்கு ஃபாரத்தில் ஓடுகிறது. ஃபாரம் என்றால் ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி. டெம்மி என்ற நூல் அளவில் அது 16 பக்கம். உங்கள் கோப்பு இப்போது 160 பக்கம், அதாவது 10 ஃபாரம். நான் ஒரு கட்டுரையை எடுத்து நான் சொல்கிற முறையில் அமைத்துப் பார்த்தேன். 16 பக்கம் 21 பக்கமாயிற்று. அப்படியானால் புத்தகம் 210 பக்கத்துக்கு வரும், இரண்டு பக்கம் சுருக்கினால் 208, சரியாக 13 ஃபாரம். எழுத்தின் உயரம் கூடியும் பக்கம் இரட்டிப்பாகவில்லை, கவனியுங்கள். உங்கள் எழுத்துருவின் வால்களும் வளைவுகளும் அகலத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. அந்த இடம் இப்போது எழுத்துக்குக் கிடைத்துவிட்டது. மூன்று ஃபாரம் கூடுதல் காகிதத்துக்கும் அச்சுக்கும் ஆகும் பணத்தை உங்கள் அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 300 பிரதிக்கு அது கட்டுபடியாகாத தொகையாக இருக்காது. கட்டுபடியாகாவிட்டால் 250 பிரதி போடுங்கள், அல்லது இரண்டு கட்டுரைகளை விட்டுவிடுங்கள். எழுத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

காகிதத்துக்கும் எழுத்தளவுக்கும் நடக்கும் இந்த இழுபறி நம் ஊருக்குப் புதிதல்ல. உங்கள் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகப் போனால் தரங்கம்பாடி. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் அங்கே வந்து இறங்கின. அவை பெரியவை, காகிதத்தைத் தின்றன. காகிதமோ கப்பலில் வரவேண்டும். அங்கே அச்சகம் நடத்திய பாதிரியார் சீகன்பால்குவும் அவருடைய கூட்டாளிகளும் பக்கத்துப் பொறையாறில் அதைவிடச் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

காகிதத்தைப் பற்றியும் ஒரு சொல். பளீரென்ற வெள்ளைத் தாள் வேண்டாம். சற்றுப் பழுப்பேறிய இயற்கை நிற மேப்லித்தோ தாள் கேளுங்கள், 80 ஜிஎஸ்எம் கனத்தில். 60இல் போட்டால் பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் நிழலாடும். பளபளப்பான ஆர்ட் தாளில் குழல்விளக்கின் வெளிச்சம் பட்டுத் திரும்பிக் கண்ணில் அடிக்கும். அதைப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் நிறம் முழுக் கறுப்பு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாவலுக்கு, பக்கம் மென்மையாகத் தெரியட்டும் என்று மெல்லிய எழுத்தைத் தேர்ந்து, 80 விழுக்காடு சாம்பல் நிறத்தில் அமைத்துக் கொடுத்தேன். திரையில் அது பட்டுத்துணிபோல இருந்தது. அச்சில் சாம்பல் நிறம் நுண்புள்ளிகளாகத்தான் விழும், மெல்லிய கோட்டின் ஓரமெல்லாம் அரித்ததுபோல ஆகிவிட்டது. அந்த நூலாசிரியரின் அம்மா தன் மகன் எழுதிய புத்தகத்தை வாசிக்க முடியாமல், பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

எனக்குப் பிடித்த எழுத்துரு எது என்று கேட்டீர்கள். மனத்துக்குப் பிடித்ததை முதலில் சொல்கிறேன். 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி அச்சாயிற்று. அந்த அச்சகத்தை நடத்தியவர் ஹண்ட். அதன் தமிழ் எழுத்து மிகச் சிறியது, அகராதிக்கு வேறு வழியில்லை. ஆனால் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சுழியும் வாய் திறந்து நிற்கிறது. சிறிய எழுத்தை எப்படி வெட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

கைக்கு எட்டுவதில், நூலின் உள்பக்கத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போவது நோட்டோ செரிஃப் தமிழ். தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி வந்தாலும், மெல்லிய இடம் அறுந்துபோகும் அளவுக்கு மெலிவதில்லை. ‘ர’வின் சாய்கோடு துணிந்து இறங்குகிறது, கொம்பின் சுழி திறந்திருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறது, பல தடிப்புகளில் கிடைக்கிறது. அப்பாவின் புத்தகத்துக்கு இதையே சொல்கிறேன். கோடு முழுவதும் ஒரே தடிப்பில் ஓடும் வகையில், மும்பையின் ஏக் டைப் நிறுவனம் வெளியிட்ட முக்தா மலர் எனக்கு மிகவும் பிடிக்கும், திரையில் குறிப்பாக. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரான் ஒன்பது தடிப்புகளில் வருகிறது, தலைப்புகளுக்கும் அழைப்பிதழுக்கும் எடுப்பாக இருக்கும். பத்தி பத்தியாக ஓடும் நீண்ட கட்டுரைக்கு நான் அதைப் போடமாட்டேன்.

மெல்லிசும் தடிப்பும் மாறி வரும் எழுத்து நல்லதா, ஒரே சீரான கோடு நல்லதா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். ஆங்கில எழுத்துகளில் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் ஒன்று எப்போதும் மற்றதை வெல்கிறது என்று காட்ட முடியவில்லை. பழக்கம்தான் பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. இதற்கு உங்கள் அப்பாவே சாட்சி. அவர் பள்ளியில் படித்தபோது ‘னை’, ‘லை’ எல்லாம் யானைத் துதிக்கைபோல மேலே கொம்பு போட்ட ஒற்றை எழுத்துகள். ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றும் சுழித்து மடங்கியிருக்கும். 1978இல் தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது, அவர் ஆசிரியராக இருந்து அதையே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார். முதல் சில மாதம் உறுத்தியிருக்கும். இன்று பழைய ‘லை’யைக் காட்டினால் அதுதான் அவருக்கே வித்தியாசமாகத் தெரியும். ஆகவே ஒன்று செய்யுங்கள். அவர் விரும்பி, களைப்பில்லாமல் வாசிக்கும் புத்தகங்களில் இரண்டை அலமாரியிலிருந்து எடுத்து, எழுத்தின் உயரத்தையும் வரியிடைவெளியையும் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய கண் எதற்குப் பழகியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

ஒரு சிக்கலைக் கோப்பில் கண்டேன், இதை அச்சுக்குப் போகும் முன் சரிசெய்ய வேண்டும். பழைய கட்டுரைகள் சில பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை என்று நினைக்கிறேன், ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியபோது பிழைகள் நுழைந்திருக்கின்றன. ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ ஆகியவற்றைச் சாய்கோடு இல்லாமல், துணைக்காலின் மேல் புள்ளியும் சுழியும் வைத்து எழுதுவது பழைய வழக்கம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்கள் துணைக்காலையே போட்டுவிடுவார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும், கணினிக்கு அது ‘ர’வே அல்ல. எழுத்துருவை மாற்றியதும் ‘ஆசிரியர்’ என்ற சொல்லின் நடுவில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று முளைத்து நிற்கும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டியிருப்பதும் மூன்று இடங்களில் இருக்கிறது. தேடி மாற்றுங்கள். எழுத்துருவை மாற்றிய பிறகு செய்வதே நல்லது, அப்போதுதான் பிழைகள் தாமாகவே வெளியே தெரியும்.

கைப்பேசியில் வாசிப்பதைப் பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஐபோனில் வரும் தமிழ் எழுத்து மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வருவது நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டுமே திரைக்குத் தகுந்தவை, அவற்றை மாற்றும் செயலிகளை நாடாதீர்கள். அமைப்புகளில் எழுத்தளவை மட்டும் இரண்டு படி கூட்டுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு இதம் என்று பலர் சொல்கிறார்கள். இருட்டறையில் சரி. பகல் வெளிச்சத்திலும் நீண்ட வாசிப்பிலும் வெள்ளையில் கறுப்பே தெளிவு. கருவிழியின் வளைவு சீராக இல்லாத கண்ணுக்கு (ஆஸ்டிக்மாடிசம் என்பார்கள்) கறுப்பின்மேல் வெள்ளை எழுத்து கசிந்து பரவியதுபோலத் தெரியும். அப்பாவின் கண்ணாடி எண்ணைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், புத்தகம் அச்சுக்குப் போகும் முன் கண் மருத்துவரிடம் அழைத்துப்போய் வாருங்கள்.

உங்களுக்குப் பிடித்த எழுத்துருவை என்ன செய்வது? அட்டையில் அப்பாவின் பெயரை அதில் பெரிதாகப் போடுங்கள். கட்டுரைத் தலைப்புகளை 26 பாயிண்டில் அதிலேயே அமையுங்கள். அந்த அளவில் ‘ர’வின் கூர் நுனி அழகாக உயிரோடு வரும். உள்ளே திறந்தவுடன் மகளின் கை தெரியும், அடுத்த வரியிலிருந்து அப்பாவின் குரல் தடையில்லாமல் ஓடும்.

இந்தக் கடிதத்தோடு அதே 23ஆம் பக்கத்தை மூன்று விதமாக அமைத்து அனுப்பியிருக்கிறேன். மூன்றிலும் ஒரே எழுத்துரு. ஒன்று 10.5 பாயிண்ட் எழுத்துக்கு 15 பாயிண்ட் வரி, ஒன்று 11க்கு 16, ஒன்று 12க்கு 17. எதில் எது என்று முன்பக்கத்தில் எழுதவில்லை, பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். வீட்டில் கணினித் திரையில் காட்டாதீர்கள். இந்தத் தாள்களையே கொடுங்கள். காலையில் முற்றத்து வெளிச்சத்தில் வேண்டாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அதே விளக்கில், நாளுக்கு ஒன்றாக. எது அழகு என்று கேட்காதீர்கள், உங்களுக்காக ஏதாவது சொல்லிவிடுவார். சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவருடைய கையைப் பாருங்கள். விரல் வரியைத் தேடி இறங்குகிறதா, தாளை விளக்குப் பக்கம் சாய்க்கிறாரா, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாரா என்று. விரல் தாளில் படாத பக்கம் எதுவோ, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். மற்றக் கட்டுரைகளையும் அந்த அளவில் ஓடவிட்டு எத்தனை ஃபாரம் என்று உடனே கணக்குச் சொல்லிவிடுகிறேன்.